படுத்துக்கொண்டு பாயும் வண்டி



பினாங்கு என்னும் பெயர் பாக்குமரத்தால் வந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரிந்த செய்தி. அந்த மரம் பெரியவர்களுக்கு வெற்றிலையோடு மெல்லப் பாக்கைத் தந்தது. சிறுவர்களுக்கோ ஒரு வாகனத்தையே தந்தது. காய்ந்து விழுந்த பாக்கு மட்டையின் அகன்ற அடிப்பகுதியில் ஒருவன் உட்கார்ந்துகொள்வான். இன்னொருவன் ஓலை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவான். மலாய்க்காரச் சிறுவர்களும் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் ஒன்றாக ஆடிய ஆட்டம் அது. மேட்டு நிலத் தோட்டங்களில் இழுப்பதற்கு ஆளே தேவையில்லை. மட்டையைச் சரிவின் தலையில் வைத்து உட்கார்ந்தால் போதும், பூமியே இழுத்துக்கொள்ளும். அந்த வாகனத்துக்குப் பிரேக் கிடையாது. ரப்பர் மரந்தான் பிரேக்! என் இடது முழங்காலில் இன்றும் இருக்கும் தழும்பு அப்படி நின்ற ஒரு மாலைப்பொழுதின் அடையாளம்.

இந்தப் பழங்கதை எதற்கு என்று கேட்பீர்கள். பள்ளியில் பட்டறைத் தொழில் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். செபராங் ஜெயாவில் குடியிருக்கிறேன். எங்கள் தாமானில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஒரு பையன், வயது பதினைந்து, சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தான். கையில் ஒரு தாள். அதில் பென்சிலால் வரைந்த நீண்ட சட்டம், நான்கு சக்கரங்கள்.

"சார், இதை இரும்புக் குழாயில் வெல்டிங் செய்து தர முடியுமா?" என்றான்.

எதற்கு என்று கேட்டேன். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். மலைச்சாலை ஒன்றில், தரையிலிருந்து ஒரு சாண் உயரங்கூட இல்லாத பலகையில், ஒரு மனிதர் கால்களை முன்னே நீட்டி மல்லாந்து படுத்தபடி மின்னல்போல் இறங்கிக்கொண்டிருந்தார்.

"எங்கே ஓட்டப் போகிறாய்?"

"மேம்பாலத்தில், சார். இராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல். அப்போது கார் குறைவு."

"சரி, எப்படி நிறுத்துவாய்?"

பையன் தன் காலிலிருந்த காலணியைக் குனிந்து பார்த்தான். பதில் சொல்லவில்லை.

அந்தப் பதிலைத் தேடுவதுதான் இன்றைய பேச்சு. ஓடுவதற்கு வேண்டியதைப் பற்றிப் பேசுவோர் பலர். கடைக்காரரும் அதைத்தான் முதலில் பேசுவார். நிற்பதற்கு வேண்டியதிலிருந்து தொடங்கினால் இவ்விளையாட்டில் எந்தக் கருவி முதலில், எது பிறகு என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதலில் விளையாட்டைத் தெரிந்துகொள்வோம். இதன் ஆங்கிலப் பெயர் ஸ்ட்ரீட் லூஜ். லூஜ் என்பது சிறிய சறுக்கு வண்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். ஐரோப்பாவின் பனிமலை நாடுகளில் பனிக்கட்டித் தடத்தில் மல்லாந்து படுத்துச் சறுக்குவார்கள். அது குளிர்கால ஒலிம்பிக்கில் இடம்பெற்ற போட்டி. பனிக்கட்டிக்குப் பதில் தார்ச்சாலை, இரும்புச் சறுக்குத்தகடுக்குப் பதில் சக்கரம் என்றால் அது ஸ்ட்ரீட் லூஜ். நாம் இதைச் சாலைச் சறுக்குவண்டி என்று அழைப்போம். இதற்கு இயந்திரம் இல்லை, மிதி இல்லை, திருப்புவதற்குக் கைப்பிடிச் சக்கரமும் இல்லை. உடம்பைச் சாய்த்தால் வண்டி திரும்பும். போட்டி விதிகளின்படி பிரேக்கும் இல்லை. ஓட்டுபவர் தம் இரு பாதங்களையும் தார்ச்சாலையில் தேய்த்தே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

இது பிறந்தது அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில், 1970களில். அங்கே சறுக்குப் பலகையில் நின்றுகொண்டு மலைச்சாலைகளில் இறங்கிய இளைஞர்கள், படுத்துக்கொண்டால் இன்னும் விரைவாகப் போகலாம் என்பதைக் கண்டுகொண்டார்கள். லாங் பீச் நகரை ஒட்டிய சிக்னல் ஹில் என்னும் குன்றில் 1975 முதல் வேகப் போட்டிகள் நடந்தன. நின்று ஓட்டியவர்களும், படுத்து ஓட்டியவர்களும், கூண்டு வண்டிக்குள் ஒளிந்து ஓட்டியவர்களும் அதில் இருந்தார்கள். ஆட்டக்காரர்கள் மட்டுமன்றி வேடிக்கை பார்த்தவர்களும் காயப்பட்டதால் 1978ஆம் ஆண்டோடு அப்போட்டி நின்றது. பின்னர் 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய எக்ஸ்ட்ரீம் கேம்ஸ் என்னும் தொலைக்காட்சிப் போட்டியில் இது இடம்பெற்று உலகெங்கும் தெரியவந்தது. சில ஆண்டுகளில் அதிலிருந்து நீக்கவும்பட்டது. ஆயினும் ஆர்வலர்கள் விடவில்லை. 2016இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஒருவர் மணிக்கு 164 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கிச் சாதனை படைத்தார். நம் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் காருக்கே அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் 110 என்பதை நினைத்துக்கொண்டால் அந்த எண்ணின் பொருள் புரியும். அங்கே சாலை மூடப்பட்டிருந்தது. ஓரங்களில் வைக்கோல் கட்டுகள் இருந்தன. மருத்துவ வண்டி காத்திருந்தது. பையன் காட்டிய படத்தில் இவை கண்ணில் படவில்லை. இத்தகைய படங்களில் அவை எப்போதுமே கண்ணில் படுவதில்லை.

நம்மவர் யாராவது இப்படி ஓட்டியிருக்கிறார்களா? இந்தியாவில் ஒருவர் இருக்கிறார். பெயர் சிவ கேசவன். இமயமலை அடிவாரத்து மணாலிப் பகுதியில் வளர்ந்தவர். தந்தை கேரளத்தவர், தாய் இத்தாலியர். 1998ஆம் ஆண்டு ஜப்பானின் நகானோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் பதினாறு வயதில் பனிச்சறுக்கு வண்டிப் போட்டியில் கலந்துகொண்டார். அதிலிருந்து 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகளில் இந்தியாவுக்காகச் சறுக்கினார். இந்தியாவில் செயற்கைப் பனித்தடம் ஒன்றுகூட இல்லாத நிலையில் அவர் எங்கே பயிற்சி செய்வது? தம் பனி வண்டியின் அடியில் சக்கரங்களைப் பொருத்திக்கொண்டு மணாலி மலைச்சாலைகளில் இறங்கினார். லாரிகளும் ஆட்டு மந்தைகளும் போகும் சாலைகளில் அவர் புகுந்து வந்த படத்தை உலகமே வியந்து பார்த்தது. அவருடைய துணிவைப் பாராட்டுகிறேன். ஆனால் அதை நம் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு தேர்ந்த ஆட்டக்காரர் செய்தது அது. அவர் பயிற்றுநரிடம் கற்றவர்.  நம் பையன்கள் பயிற்றுநர் இல்லாமலே சாலைக்கு வந்துவிடுகிறார்கள்.

நம் நாட்டில் இதற்கு மிக நெருங்கிய ஆட்டம் பாசிக்கால் லாஜாக். பழைய சைக்கிளைத் தாழ்த்தி, கைப்பிடியைக் குறுக்கி, பல சமயம் பிரேக்கையும் கழற்றிவிட்டு, இருக்கையில் வயிற்றை வைத்துக் குப்புறப் படுத்து இறக்கத்தில் பாய்வது. காற்றின் தடையைக் குறைக்கப் படுப்பது என்ற விதத்தில் இரண்டும் ஒன்றே. 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், பொழுது விடிவதற்கு முன், ஜொகூர் பாருவின் உள்வட்டச் சாலையில் இப்படி ஓட்டிக்கொண்டிருந்த சிறுவர் கூட்டத்தின்மீது ஒரு கார் மோதியது. எட்டுச் சிறுவர்கள் மாண்டார்கள். அனைவரும் 13 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள். வழக்குப் பல ஆண்டுகள் நடந்து, 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காரோட்டியை விடுவித்தது. குற்றம் யாருடையது என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. எனக்கு அதில் தோன்றுவது ஒன்றுதான். அந்தச் சிறுவர்கள் நம் பையனைப் போலவேதான் நினைத்திருப்பார்கள்: இரவில் கார் குறைவு. உண்மைதான், குறைவு. ஆனால் வருகின்ற அந்த ஒரு கார் வேகமாக வரும். அதன் ஓட்டுநர் சாலையில் யாரும் இருப்பார்கள் என எதிர்பார்க்க மாட்டார். தரையோடு தரையாகக் கிடக்கும் உருவம் விளக்கொளியில் கடைசி நொடியில்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். குப்புறப் படுத்தவனாவது சைக்கிள் உயரத்தில் இருக்கிறான். சறுக்குவண்டியில் மல்லாந்து கிடப்பவன் லாரியின் சக்கர அச்சுக்குக் கீழே இருக்கிறான்.

இப்போது கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா? பயப்பட வேண்டாம், பள்ளிப் பிள்ளைகள் போடக்கூடிய கணக்குத்தான்.

சரிவில் நாம் அடையும் வேகம் சாலையின் நீளத்தைப் பொறுத்ததன்று. எவ்வளவு உயரம் இறங்கினோம் என்பதைப் பொறுத்தது. உராய்வும் காற்றுத்தடையும் இல்லை என்று வைத்துக்கொண்டால், 6 மீட்டர் உயரம் இறங்கினால் மணிக்கு ஏறத்தாழ 39 கிலோமீட்டர் வேகம் வரும். ஒரு சாதாரண மேம்பாலம் ஏறக்குறைய அந்த உயரந்தான். 10 மீட்டர் இறங்கினால், அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம், 50 கிலோமீட்டர். உண்மையில் உராய்வு இருப்பதால் சற்றுக் குறையும். ஆனால் நல்ல சக்கரமும் படுத்த உடம்பும் அந்தக் குறைவை மிகச் சிறிதாக்கிவிடும், அதற்காகத்தானே படுக்கிறோம்!

அடுத்தது நிற்கும் தூரம். வேகம் இரண்டு மடங்கானால் நிற்பதற்கு வேண்டிய தூரம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகும். காலணியைத் தேய்ப்பதால் ஒவ்வொரு வினாடியும் வேகம் வினாடிக்கு 3 மீட்டர் வீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். இது பழக்கப்பட்ட கால்களுக்குரிய கணக்கு. மணிக்கு 30 கிலோமீட்டரில் வந்தால் சமதரையில் 12 மீட்டரில் நிற்கலாம். 60இல் வந்தால் 46 மீட்டர். 90இல் வந்தால் 104 மீட்டர், அதாவது ஒரு கால்பந்துத் திடலின் நீளம். ஆபத்தைக் கண்டு கால் தரையைத் தொடுவதற்குள் ஒரு வினாடி போய்விட்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் இன்னும் 17 மீட்டரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாலை இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தால் அதற்கும் சேர்க்க வேண்டும். மழை பெய்திருந்தால் இந்தக் கணக்கையே கிழித்துப் போட்டுவிடலாம்.

இதை அந்தப் பையனுக்குத் தாளில் போட்டுக் காட்டினேன். "மேம்பாலத்தின் அடியில் என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். சற்று யோசித்து, "சிக்னல் விளக்கு, சார்" என்றான்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. மேம்பாலம் என்பது வாகனங்களைச் சந்திப்புக்கு மேலே தூக்கிக்கொண்டு போய் மறுபடியும் வாகனங்களுக்கு நடுவே இறக்கிவிடுவதற்காகக் கட்டப்பட்டது. சறுக்குவண்டிக்கு வேண்டியதோ நேர்மாறானது: மெல்லிய சரிவு, அதன் முடிவில் நீண்ட சமதரை, முடிந்தால் கடைசியில் சிறிய ஏற்றம். அந்த ஏற்றத்தைப்போல் நல்ல பிரேக் உலகத்தில் இல்லை. இப்படிப்பட்ட இடம் கிடைத்த பிறகே பலகையைப் பற்றி நினைக்க வேண்டும்.

நம் வட்டாரத்தில் அத்தகைய இடம் எங்கே? செபராங் ஜெயா சமதரை. ஒரு பக்கம் பினாங்குப் பாலத்துக்குப் போகும் சாலை, இன்னொரு பக்கம் பட்டர்வொர்த்-கூலிம் விரைவுச்சாலை. இரவும் பகலும் லாரிகள். மலை வேண்டுமென்றால் புக்கிட் மெர்தாஜம் பக்கம் போக வேண்டும். சுரோக் தோக்குன் காட்டுப்பகுதி அழகானதுதான். ஆனால் விடியற்காலையிலிருந்தே அங்கு முதியோரும் குடும்பங்களும் நடக்க வருகிறார்கள். தீவில் பினாங்குக் கொடிமலைக்குத் தாவரவியல் பூங்காப் பக்கமிருந்து ஏறும் ஜீப் தடம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளம், 700 மீட்டர் அளவு ஏற்றம். சைக்கிளில் இறங்குவோருக்கே பிரேக் சூடேறிப் போகும் சரிவு. அதில் நடப்பவர்களும் குரங்குகளும் ஜீப்புகளும் எந்த வளைவிலும் எதிர்ப்படலாம். 1923 முதல் அம்மலையில் ஓடும் இரயிலைக்கூட இரும்பு வடம் பிடித்துத்தான் இறக்குகிறது. எனவே இவ்விரண்டு மலைகளையும் மறந்துவிடுவது நல்லது. விடுமுறை நாளில் காலியாகக் கிடக்கும் தொழிற்சாலை வாகன நிறுத்துமிடம், இன்னும் வாகனம் ஓடத் தொடங்காத புதிய வீடமைப்புப் பகுதியின் உட்சாலை, இவையே தொடக்கத்துக்குப் போதும். உரிமையாளரின் அனுமதி வேண்டும். பொதுச்சாலை என்றால் மாநகர் மன்றமும் காவல்துறையும் அனுமதித்து, இருமுனையையும் அடைத்த பிறகே ஓட்டலாம். அனுமதி கேட்பது அலுப்பான வேலைதான். பத்துப் பேர் சேர்ந்து ஒரு மன்றமாகக் கேட்டால் காது கொடுப்பார்கள்; ஒற்றைப் பையன் கேட்டால் கொடுக்க மாட்டார்கள்.

சரிவை உணர்ந்து பார்க்க மட்டும் ஆசையென்றால் சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் 2005 முதல் பணம் கட்டி ஓட்டும் லூஜ் தடம் இருக்கிறது. அதில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும், கைப்பிடியை இழுத்தால் வண்டி நிற்கும், சிறு பிள்ளைகளும் ஓட்டுகிறார்கள். இது விளையாட்டு வண்டியாயிற்றே என்று அலட்சியம் வேண்டாம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் குறைக்கக் கூடாது என்ற பாடத்தை அதிலேயே கற்றுக்கொள்ளலாம்.

இனிக் கருவிகளுக்கு வருவோம்.

முதல் வெள்ளியைக் காலணிக்குச் செலவிடுங்கள். ஏனெனில் அதுதான் பிரேக். கணுக்காலை மூடும் உயரமான, தடித்த அடியுள்ள காலணி வேண்டும். அதன் அடியில் பழைய மோட்டார் டயரின் ரப்பரை வெட்டி, பசை போட்டு ஒட்டிக்கொள்வார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பாட்டனார்கள் டயர் செருப்பு அணிந்து கல்லிலும் முள்ளிலும் நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்; அதே நம்பிக்கைதான். வேகத்தில் தேய்க்கும்போது ரப்பர் சூடேறிப் புகையும், தேயும். ஆகவே ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன்பு தடிப்பைப் பார்க்க வேண்டும். முனையில் பசை விட்டிருந்தால் அன்று ஓட்டம் இல்லை. தேய்க்கும்போது குதிகாலை ஊன்றாமல் பாதம் முழுவதையும் தரையில் பதிக்கப் பழக வேண்டும். குதிகால் மட்டும் பட்டால் கால் வண்டிக்கு அடியில் இழுபடும். கணுக்கால் முறிவது அப்படித்தான்.

அடுத்தது தலைக்கவசம். முகம் முழுவதையும் மூடுவதாக, சிரிம் முத்திரை உள்ளதாக இருக்கட்டும். சந்தைக் கடையில் தொங்கும் பாதித் தலைக்கவசம் இதற்கு உதவாது. இதில் ஒரு நுட்பம் உண்டு. சறுக்குவண்டியில் படுத்தபடி முகவாயை மார்போடு சேர்த்து, கால்விரல்களுக்கு மேலே சாலையைப் பார்க்க வேண்டும். சில கவசங்களின் முகவாய்ப் பகுதி நெஞ்சில் இடித்துக்கொண்டு தலையை மேலே தள்ளிவிடும். ஆகையால் கடையிலேயே தரையில் படுத்துப் பாருங்கள். கடைக்காரர் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மூன்றாவது தோலாடையும் கையுறையும். தார்ச்சாலை அரம் போன்றது. பருத்திச் சட்டையும் ஜீன்சும் அதன்முன் ஒரு வினாடி தாங்கா. மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் அணியும் தடித்த தோலாடை நம் வெயிலில் வேதனைதான். அதற்காக அதைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டலாகாது. வெயிலுக்கு முன், காலையில் ஓட்டுங்கள். கைகள் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. தொடங்கும்போது கைகளால் தரையைத் தள்ளித்தான் வண்டியை நகர்த்துவோம். எனவே உள்ளங்கையில் கடினமான தகடு பதித்த தோல் கையுறை வேண்டும்.

இதற்குப் பிறகுதான் வண்டி. பையன் வரைந்து வந்த இரும்புச் சட்டத்தை நான் செய்து கொடுக்கவில்லை. போட்டிக்குரிய நீண்ட வண்டிகளை இரும்பு, அலுமினியம், கரிமநார் ஆகியவற்றால் செய்கிறார்கள். முன்னும் பின்னும் மோதினால் தாங்க மெத்தை வைக்கிறார்கள். அது மூன்றாம் ஆண்டுப் பாடம். தொடங்குபவருக்குப் பொருத்தமானது சாதாரணப் பலகை வண்டி. உட்கார்ந்து, பின்பு மெல்லச் சாய்ந்து ஓட்டுவது. நல்ல பிளைவுட், 18 மில்லிமீட்டர் தடிப்பு, ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளம் போதும். அச்சுகளைப் பலகையில் திருகாணியால் முறுக்கி வைக்காதீர்கள். துளையிட்டு, போல்ட்டை மறுபுறம் வரை விட்டு, அதிர்ச்சியில் கழலாத நைலான் வளைய நட் போடுங்கள். பலகையின் முன்விளிம்பு கூராக இருந்தால் அடுத்தவர் கணுக்காலை வெட்டிவிடும். அதை உருட்டித் தேய்த்து ரப்பரால் மூடுங்கள்.

சறுக்குப் பலகையின் அச்சுத்தாங்கியை ஆங்கிலத்தில் டிரக் என்பர். பலகை சாயும்போது அச்சைத் திருப்புவது அதுதான். அதன் நடுவிலுள்ள கிங்பின்னைச் சுற்றி ரப்பர் போன்ற புஷ் இரண்டு இருக்கும். புஷ் மென்மையானால் வண்டி எளிதில் திரும்பும். ஆனால் வேகத்தில் வால் ஆடத் தொடங்கும். இடமும் வலமுமாக நடுங்கும் அந்த ஆட்டம் வந்துவிட்டால் புதியவரால் அடக்க முடியாது. தொடக்கத்தில் கடினமான புஷ் போடுங்கள். பின் அச்சை முன் அச்சைவிட இறுக்கமாக வையுங்கள். வளைவில் சற்று முரண்டு பிடிக்கும். பிடிக்கட்டும்.

சக்கரத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை அதிகம். தமிழ்நாட்டுச் சிறுவர்கள் பட்டறையில் தூக்கிப்போட்ட பழைய பேரிங்கை மரச்சட்டத்தில் மாட்டிப் பேரிங் வண்டி செய்வார்கள். இரும்பு வளையமே சக்கரம். தெருவே அதிரும் சத்தம். ஒரு சிறு கல் அகப்பட்டால் வண்டி அங்கேயே நின்றுவிடும், பையன் மட்டும் மேலே போவான். அமெரிக்கச் சறுக்குப் பலகைக்கும் முதலில் இரும்பும் களிமண் கலவையுமான சக்கரங்கள்தாம் இருந்தன. 1970களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வொர்த்தி என்ற இளைஞர் பாலியூரித்தேன் சக்கரத்தைச் சறுக்குப் பலகைக்குக் கொண்டுவந்தார். அது கல்லின்மேல் அழுந்தி ஏறிப் போகும், வளைவில் தரையைப் பற்றும். சாலைச் சறுக்குவண்டி என்ற விளையாட்டே அந்தச் சக்கரத்தால்தான் சாத்தியமாயிற்று. இச்சக்கரங்களின் கடினத்தை 'ஏ' அளவுகோலில் எண்ணால் குறிப்பார்கள். எண் கூடினால் கடினம் கூடும். நம் ஊர்க் கரடுமுரடான தாருக்கு 78 முதல் 82 வரையிலான மென்மையான சக்கரமும், 70 மில்லிமீட்டர் அளவு விட்டமும் தொடங்குபவருக்கு ஏற்றவை. சீக்கிரம் தேயும் என்பது உண்மை. பிடி இழப்பதைவிடத் தேய்வது மேல்.

பேரிங்கில் பணத்தை வீணாக்க வேண்டாம். சறுக்குப் பலகைக்குப் பயன்படுவது 608 என்ற அளவு: உள்விட்டம் 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, அகலம் 7. பெட்டியில் ஏபெக் என்று ஓர் எண் போட்டு, எண் கூடக் கூட விலையையும் கூட்டி விற்பார்கள். அந்த எண் உற்பத்தியின் அளவுத் துல்லியத்தைக் காட்டுவதேயன்றி வேகத்தைக் காட்டுவதன்று. 70 மில்லிமீட்டர் சக்கரம் மணிக்கு 50 கிலோமீட்டரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,800 சுற்றுச் சுற்றும். பட்டறையில் அது சாதாரணம். எந்த நல்ல 608 பேரிங்கும் தாங்கும். மணல் புகாமல் துடைத்து வைப்பதும், மழையில் நனைந்தால் கழற்றி உலர்த்தி எண்ணெய் விடுவதுமே முக்கியம்.

சரி, அந்தப் பையன் என்ன ஆனான்?

தன் தகப்பனாரை அழைத்து வந்தான். அவரை அழைத்து வராமல் வேலை தொடங்காது என்று நான்தான் சொல்லியிருந்தேன். மூவருமாக என் கார் நிறுத்துமிடத்தில் பிளைவுட் பலகை ஒன்று செய்தோம். உரிமையாளரிடம் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் காலியான வாகன நிறுத்துமிடம் ஒன்றுக்குப் போனோம். சரிவு என்று சொல்லத்தக்க சரிவுகூட அங்கு இல்லை. மழைநீர் வடிவதற்கு விட்ட சாய்வுதான். தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். "கையால் தள்ளிக்கொண்டு வா. இந்தக் கோட்டைத் தொட்டதும் காலை ஊன்று. எங்கே நிற்கிறாய் என்று அளப்போம். வேகத்தை நான் பார்க்கப் போவதில்லை" என்றேன்.

பையனுக்கு முகம் வாடிவிட்டது. மலைச்சாலையைக் கனவு கண்டவனுக்குச் சுண்ணக்கட்டிக் கோடா! ஆனால் முதல் தடவை, ஓடிவரும் ஆளின் வேகந்தான் இருக்கும், கோட்டைத் தாண்டி 7 மீட்டர் போய், பக்கவாட்டில் திரும்பி, தகப்பனாரின் காலருகே நின்றான். எழுந்து கோட்டைத் திரும்பிப் பார்த்தான். பிறகு யாரும் சொல்லாமலே பலகையைத் தூக்கிக்கொண்டு தொடக்கத்துக்கு நடந்தான். நாலாம் தடவை 5 மீட்டர். எட்டாம் தடவை மூன்றரை. பன்னிரண்டாம் தடவை மறுபடியும் 6. காலணி ரப்பரின் முனை பிரிந்திருந்தது. அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் மூன்று பையன்கள் வருகிறார்கள். இருவர் லாஜாக் சைக்கிள் வைத்திருப்பவர்கள். அளவு நாடாவை அவர்களே பிடிக்கிறார்கள். அளவுகளை ஒரு பள்ளி நோட்டில் எழுதி வைக்கிறார்கள். இரும்புச் சட்டத்தின் படம் என் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. முப்பது முறை தொடர்ந்து இரண்டு மீட்டருக்குள் நின்றால் குழாய் வாங்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். போன வாரம் வரை பத்தொன்பது ஆகியிருக்கிறது.